சிவப்புப் பெட்டிக்குள் ஒரு சுவர்

1

ஆரணிக்கும் கவினுக்கும் பெரியப்பா எழுதுவது.

நீங்கள் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. மதுரா அக்காவின் கலியாணப் பெட்டி உங்கள் படிப்பு மேசையில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்த எங்கள் கீழ்மாடிக்காரரிடம், "கையிலேயே வைச்சிருங்கோ, சூட்கேசுக்குள்ள போட்டிடாதையுங்கோ" என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்துவிட்ட பெட்டி அது. மூலை நசுங்காமல் வந்திருக்கிறது. அவருக்குப் புண்ணியம்.

படத்துக்குக் கீழே ஆரணியின் குரலில் ஒரு கேள்வியும் இருந்தது.

"பெரியப்பா, பெட்டி நல்ல வடிவு. பென்சில் வைக்கலாமெண்டு பாத்தன். ஆனா நடுவில ஒரு மட்டைத் துண்டு குறுக்க நிக்குது. அதால பென்சில் படுக்குதில்லை. அதைக் கழட்டி எறியலாமோ?"

அதற்குப் பின்னால் கவின்: "நான் அப்பவே பிடுங்கப் போனனான். இவதான் பெரியப்பாட்டைக் கேட்டிட்டுப் பிடுங்குவமெண்டவ."

வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து இதைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒஸ்லோவில் காலை ரயிலில் யாரும் சிரிப்பதில்லை. எதிரில் இருந்த மனிதர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கேள்வி சின்னது. ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்த மட்டைத் துண்டு அங்கே எப்படி வந்தது என்று தெரியாமல் அதைப் பிடுங்குவது சரியில்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். பெரியப்பா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை கண்டால் ஆரணி திருத்தி வாசிக்கவும்.

2

மதுரா அக்கா தன் கலியாணத்தைத் தானே நடத்தினாள். இங்கே பிள்ளைகள் அப்படித்தான். மண்டபம், சாப்பாடு, மணவறை, பூ எல்லாம் அவளுடைய கம்பியூட்டரில் ஒரு அட்டவணையாக இருந்தது. நான் ஏதாவது கேட்டால், "டெட் கோர் ப்ரா, அப்பா" என்பாள். எல்லாம் நல்லபடி போகுது என்று அதற்குப் பொருள்.

உங்களுக்குத் தெரியும், ஊரில் பெண்ணின் தகப்பன் என்றால் எப்படியிருப்பார் என்று. சால்வை தோளில் நிற்காது. வாழை கட்டுகிறவனிடம் ஒரு சொல், சமையல்காரரிடம் ஒரு சொல், வாசலில் நின்று எல்லோரையும் வாங்கோ வாங்கோ என்று கும்பிடுவது. கலியாணம் முடிந்த பிறகு இரண்டு நாளைக்குக் குரலே இருக்காது. எனக்கும் அப்படிக் குரல் போகவேண்டும் என்று ஆசை இருந்தது.

ஓமம் வளர்க்க அனுமதி கேட்கிற வேலையை மட்டும் முதலில் எனக்குத் தந்தாள். மண்டபத்துக்காரர் நெருப்பின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத்தில் கேட்டார். நான் ஐயருக்கு போன் எடுத்தேன். "அதை அக்கினி பகவானிட்டைத்தான் கேக்கவேணும்" என்று அவர் சொன்னார். நான் அதை எப்படி நோர்வேஜிய மொழியில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்க, மதுரா வாங்கி, முப்பது என்று அடித்து அனுப்பிவிட்டாள். பதில் உடனே வந்தது. முப்பது என்றால் சரியாம்.

உங்கள் அப்பாவாவது பக்கத்தில் நிற்பான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு விசா கிடைக்கவில்லை. பதில் கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. அவன் ஊருக்குத் திரும்பிப் போவான் என்பதற்குக் காரணம் போதாது என்று எழுதியிருந்தார்கள். உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அவன் எங்கே நிற்கப்போகிறான்? அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இருக்கவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "மது, எனக்கு என்ன வேலை?"

அவள் என் தோளைத் தடவி, "நீங்கள் பட்டு வேட்டி கட்டி வந்து வடிவா இருந்தாக் காணும், அப்பா" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் வடிவாக வந்து இருப்பது விருந்தாளியின் வேலை. அன்றிரவு கறியில் உப்புக் குறைவு என்று சொன்னேன். உங்கள் பெரியம்மா சாந்தி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"எடி பிள்ளை, அந்த மனுசனுக்கு ஏதாவது ஒரு வேலை குடு. வீட்டில இருந்து என்ரை சமையலுக்குப் பிழை பிடிக்குது."

அப்படித்தான் பெட்டி மடிக்கிற வேலை என் கைக்கு வந்தது.

3

அக்காவின் உத்தியோகமே பெட்டிதான். சொக்கிளேற், சவர்க்காரம், மீனெண்ணெய்ப் போத்தல் என்று கடையில் விற்கிற சாமான்களுக்கு வடிவான பெட்டி வரைந்து கொடுப்பது. மாப்பிள்ளை வெய் ஒஸ்லோவில் பிறந்தவர். அவருடைய தாய் லின் தென்சீனாவிலிருந்து இளம் வயதில் வந்து, சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் நின்று, தகப்பனில்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதிக்குப் பக்கத்து மாடியில் இருக்கிறார். சாந்தி அவரை லின் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நோர்வேஜிய மொழிதான். எங்கள் இரண்டு வீட்டுக்காரரும் பிழையாகக் கதைக்கிற விதம் ஒரே மாதிரி இருந்தபடியால் நன்றாக விளங்கியது. பிள்ளைகள் சரியாகக் கதைக்கிறபோதுதான் எங்களுக்கு விளங்குவதில்லை.

சீனக் கலியாணத்தில் வந்தவர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்புவார்கள். எங்கள் கலியாணத்திலும் பலகாரம் கொடுத்தனுப்புவோம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைப்பது என்பது அக்காவின் யோசனை. முதல் மாதிரியைச் செய்துகொண்டு லின் அக்கா வீட்டுக்குப் போனோம்.

மேசையில் வைத்தாள். தூய வெள்ளைப் பெட்டி. மேலே தலைமயிர் போல ஒரு சிவப்புக் கோடு. நோர்வேயில் அழகு என்றால் அதுதான். ஒன்றுமே இல்லாதது போல இருக்கவேண்டும்.

"எப்படி?" என்று கேட்டாள்.

சாந்தி தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். லின் அக்கா தன் கோப்பையைப் பார்த்தார். "நல்லம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு வாசலில் சப்பாத்துப் போடுகிற இடத்தில், பிள்ளைகள் முன்னே போன பிறகு, சாந்தி மெல்ல, "வெள்ளை" என்றாள். லின் அக்கா கண்ணை மூடித் தலையை ஆட்டி, "வெள்ளை" என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரிலும் அது செத்தவீட்டு நிறம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த மாதிரி சிவப்பு. பளபளப்பில்லாத சிவப்பு. குங்குமத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வருகிற நிறம். லின் அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பிப் போய், ஒரு சிவப்புக் கடதாசியும் குசினிக் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். கடதாசியை மடித்தார். கையில் எந்தப் படமும் இல்லை. கோழி வெட்டுகிற கத்தரிக்கோலால் கரகரவென்று வெட்டி விரித்தார். பூப்போல ஓர் எழுத்து வந்தது. மகிழ்ச்சி என்கிற சீன எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தரம் எழுதி ஒட்டிவிட்ட எழுத்தாம் அது. கலியாண வீட்டு யன்னலிலும் கதவிலும் ஒட்டுவார்களாம்.

எனக்குச் சீனம் தெரியாது. எனக்கு அது லோரன்ஸ்கோக் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டியிருக்கிற வீடுகளில் இரண்டை வெட்டியெடுத்த மாதிரி இருந்தது. இரண்டு வீடு, ஒரே கூரை. அதைச் சொன்னேன்.

"அப்பா, உதை ஏன் எழுத்தெண்டு பாக்காமல் வீடெண்டு பாக்கிறியள்?" என்று மதுரா சிரித்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தாள்.

அந்த எழுத்தைத்தான் மூடியில் வெட்டியிருக்கிறாள். அச்சடிக்கவில்லை, நீங்கள் விரலை வைத்துப் பார்க்கலாம், துளைதான். உள்ளே தங்கநிறத் தாள் தெரியும். பூ, வளைவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேர்க்கோடுகள் மட்டும் வைத்தாள். லின் அக்கா கையில் வாங்கிப் பார்த்து, "எழுத்து மெலிஞ்சு போச்சே, சாப்பாடு போடுறேல்லையோ?" என்று கேட்டார். அக்கா கோடுகளைக் கொஞ்சம் கொழுக்க வைத்தாள்.

4

வெட்டின மட்டைகள் தொழிற்சாலையிலிருந்து கட்டுக்கட்டாக ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒட்டுப்பசை இல்லை. மடிப்பிலேயே நிற்கவேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

நான் துணிச்சலோடு இருந்தேன். பெரியப்பாவின் வேலை என்ன? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் படுக்கைவிரிப்பு மடிப்பது. நாள் முழுக்க மடிக்கிறேன். மடிக்கிறது எனக்குப் புதிதா?

புதிதுதான். துணி பிழையைப் பொறுக்கும். உதறிவிட்டு இன்னொரு தரம் மடிக்கலாம். மட்டை பொறுக்காது. ஒருதரம் பிழையாக மடித்தால் அந்த வடு போகாது. முதல் நாள் நான் மடித்த பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் தோளை உயர்த்திக்கொண்டு நின்றன.

சாந்தி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இது உங்களை மாதிரியே நிக்குது."

மதுரா கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, கோட்டின் மேல் ஒரு கரண்டிப் பிடியால் முதலில் அழுத்திவிட்டுப் பிறகு மடிக்கவேண்டும் என்று காட்டினாள். சின்ன வயதில் அவளுக்குச் சப்பாத்து நாடா கட்டப் பழக்கியது நான்தான். அதே மாதிரி மெதுவாக, ஒரு விரலுக்குப் பிறகு மற்ற விரல் என்று காட்டினாள். நாலைந்து நாளில் என் பெட்டிகள் நேராக நிற்கத் தொடங்கின. நான் மடித்தவற்றை அலுமாரிக்கு மேலே வரிசையாக வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கலியாணத்தில் என் கையால் ஆன ஒரு சாமான் இருக்கப்போகிறது என்று நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியில்தான் அரியதரம் வந்து விழுந்தது.

5

நான் கவினின் வயதில் இருந்தபோது கலியாண வீட்டுப் பலகாரம் கடதாசிப் பையில்தான் வரும். வாசலில் ஒரு மாமி பனையோலைக் கடகத்தை வைத்துக்கொண்டு எடுத்தெடுத்துக் கொடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது, மரியாதையில்லை. ஆனால் பிள்ளைகளான எங்களுக்கு ஒரு வழி தெரியும். பையில் எண்ணெய் வட்டம் இருக்கிறதா என்று பார்ப்போம். வட்டம் பெரிது என்றால் உள்ளே எண்ணெயில் பொரித்த இனிப்பு அரியதரம். வட்டம் இல்லாவிட்டால் வெறும் முறுக்கு. நான் ஒருமுறை, "மாமி, எனக்கு அந்த ஊத்தைப் பை" என்று கேட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். குட்டு நோகவில்லை. பைக்குள் அரியதரம் இரண்டு இருந்தது.

சாந்தி மாதிரிக்கென்று அரியதரம் சுட்ட அன்று, நான் நன்றாக மடிபட்ட பெட்டியொன்றில் அதை வைத்து மூடி, மகள் வந்து பார்க்கட்டும் என்று யன்னலடியில் வைத்தேன். அடுத்தநாள் அவள் வந்தாள். பெட்டியின் அடிப்பக்கம் முழுக்கக் கரும்சிவப்பாக ஒரு வட்டம். எனக்கு அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. கலியாண வீட்டு வட்டம்.

அவளுக்கு முகம் இருண்டுவிட்டது.

"அப்பா, மட்டை எண்ணெயைக் குடிச்சிட்டுது. பாருங்கோ. எல்லாப் பெட்டியும் இப்பிடி வந்தா?"

"அதுதானே பிள்ளை வடிவு. உள்ளுக்கு அரியதரம் இருக்கெண்டு தெரியும்."

"ஆருக்குத் தெரியும்? வெய்யின்ர ஆக்களுக்குத் தெரியுமோ? என்ரை வேலையிடத்து ஆக்களுக்குத் தெரியுமோ? ஊத்தைப் பெட்டி தந்தவளெண்டெல்லோ நினைப்பினம்."

அவள் சொன்னதும் சரிதான். எண்ணெய் வட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் பாதிப்பேர்தான்.

அரியதரம் வேண்டாம் என்று முடிவானது. "அரியதரம் இல்லாத கலியாணமோ" என்று சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகிறபோது மதுரா என்னிடம் மெல்லச் சொன்னாள். "மிச்சப் பெட்டியளை நானும் கூட்டாளிமாரும் மடிக்கிறம், அப்பா. நீங்கள் வேலையாலை களைச்சு வாறியள்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அலுமாரிக்கு மேலே இருந்த என் பெட்டிகளையும் ஒரு பெரிய பையில் போட்டுக் கொண்டுபோனாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். இங்கே எல்லோரும் பாண் துண்டுதான் கொண்டுவருவார்கள். ஒரு துண்டில் சீஸ், ஒரு துண்டில் மீன். ஒன்றின் மணம் மற்றதில் ஒட்டாமல் இருக்க நடுவில் வைப்பதற்கென்றே மெல்லிய தாள் கடையில் விற்கும். எண்ணெய் அதைத் தாண்டாது. எத்தனையோ வருடமாக அதை எடுத்துக் கசக்கி எறிந்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். அன்றைக்கு எறியவில்லை.

வீட்டுக்கு வந்து, மட்டைக் கட்டோடு வந்த கழிவுத் துண்டொன்றை எடுத்து, பெட்டியின் அகலத்துக்கு வெட்டி, என்னிடம் தப்பி மிஞ்சியிருந்த ஒரு பெட்டிக்குள் குறுக்கே நிறுத்தினேன். ஒரு பக்கம் சின்ன அறை, மற்றப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சின்ன அறைக்குள் அந்தத் தாளை விரித்து அரியதரத்தை வைத்தேன். அடுத்தநாள் வேலையால் வந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கறை இல்லை.

மகளுக்குப் படம் அனுப்பினேன். பதில் வந்தது: "கெட்டித்தனம், அப்பா. ஆனா இந்த வடிவமைப்பில சுவர் இல்லை." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

6

கலியாணத்துக்கு முந்திய கிழமை சனிக்கிழமை, பெட்டி நிரப்புகிற நாள். மதுராவும் வெய்யும் அறைக்குள் இருந்து யார் யார் எந்த மேசை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் நீள மேசை. ஒரு அந்தத்தில் சாந்தி, மறு அந்தத்தில் லின் அக்கா. நடுவில் தட்டங்கள். எங்கள் பக்கத்துப் பயத்தம் பணியாரமும் எள்ளுருண்டையும். அவர்கள் பக்கத்துக் கச்சான் கடலை இனிப்பும், சீனிப்பாகில் தோய்த்த தாமரை விதையும், எள்ளுத் துண்டும். எள்ளுத் துண்டைச் சாந்தி ஒன்று கடித்துப் பார்த்து, "இது எங்கட எள்ளுருண்டையை உருட்டப் பஞ்சிப்பட்டு வெட்டினதெல்லோ" என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன். "இல்லை, உங்கடதான் எங்கட எள்ளுத் துண்டை வெட்டத் தெரியாம உருட்டினது" என்று லின் அக்கா சொன்னார். அவ்வளவு ஒற்றுமை.

எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிற வேலை.

சாந்தி இனிப்பை நிரப்பி மேசையில் தள்ளுவாள். லின் அக்கா மூடி, சிவப்பு நூல் கட்டுவார். கட்டினது திரும்பிச் சாந்தியிடம் வரும். அவள் அடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பக்கத்திலிருக்கிற பெரிய மட்டைப்பெட்டிக்குள் அடுக்குவாள். இதுதான் ஒழுங்கு.

நான் லின் அக்கா மூட வைத்திருந்த பெட்டிகளோடு முதலாவதாக என்னுடைய சுவர்ப் பெட்டியையும் சத்தமில்லாமல் சேர்த்து வைத்தேன். சாந்தி அரியதரத்தை விடவில்லை, குசினியில் ஒரு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை நான் முதலே எடுத்து என் பெட்டியின் சின்ன அறைக்குள் தாளோடு வைத்து, பக்கத்தில் பயத்தம் பணியாரம் ஒன்று, எள்ளுருண்டை ஒன்று வைத்திருந்தேன். அதோடு அறை நிறைந்துவிட்டது. மற்ற அறைக்குள் லின் அக்காவின் இனிப்பில் ஐந்து பிடித்தது. கணக்குப் பார்த்து வைக்கவில்லை. கொண்டது அவ்வளவுதான்.

முதல் தேத்தண்ணீர் கொண்டு போனபோது மேசை சுறுசுறுப்பாக இருந்தது. இரண்டாம் தேத்தண்ணீர் கொண்டு போனபோதும் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடுக்குகிற பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், ஒன்றே ஒன்று கிடந்தது.

நின்று கவனித்தேன். சாந்தி ஏழு இனிப்பு வைத்துத் தள்ளினாள். லின் அக்கா பார்த்தார், சிரித்தார், தட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து எட்டாவதாக வைத்து நூல் கட்டினார். திரும்பி வந்த பெட்டியைச் சாந்தி கையில் வாங்கினாள், சிரித்தாள், நூலை அவிழ்த்து ஒன்றை எடுத்துத் தட்டத்தில் போட்டுவிட்டு, கட்டுவதற்குத் திருப்பித் தள்ளினாள். லின் அக்கா திறந்து பார்த்தார், சிரித்தார். ஒரே எள்ளுருண்டை மேசையில் வடக்கும் தெற்குமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

சாந்தியைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"லின் அக்காவுக்குக் கண் கொஞ்சம் குறைவு போல. எட்டெட்டா வைக்கிறா" என்றாள். "நான் ஒண்டும் சொல்லேல்லை. சம்பந்தியெல்லோ, பாவம்."

நான் போய் வெய்யைக் கூப்பிட்டேன். அவர் தாயோடு சீனத்தில் கதைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். "அம்மா சொல்லுறா, சாந்திக்குக் களைப்பாம். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒண்டு மறக்கிறாவாம். சொன்னால் மனம் நோகுமெண்டு தானே வைக்கிறாவாம்."

மதுராவும் வந்துவிட்டாள். அப்போதுதான் கதை வெளியில் வந்தது. எங்களுக்கு நல்ல காரியம் என்றால் ஒற்றைப்படை. "இரட்டையில முடிஞ்சாக் கணக்குச் சரியா முடிஞ்சுபோகும். ஒண்டு மிஞ்சி நிக்கவேணும், அப்பத்தான் வளரும்" என்றாள் சாந்தி. அவர்களுக்குக் கலியாணம் என்றால் இரட்டைப்படை. "ஏழெண்டால் ஆறு பேர் சோடி சேர, ஒரு ஆள் தனிய நிக்கும்" என்றார் லின் அக்கா. "கலியாண நாளில ஒருத்தரும் தனிய நிக்கக்கூடாது."

இப்போது சண்டை எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. "அப்ப எட்டே இருக்கட்டும், அக்கா" என்று சாந்தி. "இல்லை, இல்லை, ஏழு" என்று லின் அக்கா. "எட்டு." "ஏழு." விட்டுக்கொடுக்கிறதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மதுரா தலையில் கையை வைத்துக்கொண்டு அடுக்குகிற பெட்டியடியில் குந்தினாள். "விருந்தாளியளுக்கு வெறும் பெட்டிதான் குடுக்கப்போறன்." சொல்லிக்கொண்டே உள்ளே கிடந்த அந்த ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மேலே லின் அக்காவின் நூல் முடிச்சு. கீழே சாந்தியின் குங்குமப் பொட்டு. முதலாவதாக வந்தபடியால் சாந்தி அவிழ்த்துப் பார்க்காமல் தப்பியது அது ஒன்றுதான்.

"இது மட்டும் எப்பிடி ரெண்டு பேரிட்டையும் பாஸ் பண்ணினது?" என்று திறந்தாள்.

உள்ளே சுவர். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஐந்து.

லின் அக்கா எட்டிப் பார்த்து, பெட்டி முழுக்க எண்ணினார். "எட்டு. சரிதானே" என்றார். சாந்தி எட்டிப் பார்த்தாள். "மூண்டு, அஞ்சு. சரிதானே. அறைக்கு அறைதான் எண்ணவேணும்" என்றாள். பிறகு கண் அரியதரத்தில் விழுந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மதுரா அரியதரத்தைத் தூக்கி, தாளைத் தூக்கி, அடியை விரலால் துடைத்துப் பார்த்தாள். பெட்டியை மூடி, மூடியில் இருக்கிற எழுத்தைப் பார்த்தாள். இரண்டு வீடு, ஒரே கூரை. திரும்பவும் திறந்து சுவரைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள். "இந்தச் சுவர் எத்தினை உங்களாலை வெட்டலாம்?"

"எத்தினை பெட்டி இருக்கு?"

"நூற்றைம்பது."

"அப்ப நூற்றைம்பது" என்றேன்.

7

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டினேன். அவள் கம்பியூட்டரில் வரைந்து அளவு தந்தாள். தொழிற்சாலைக்கு அனுப்ப நேரமில்லை, கழிவு மட்டையும் என் கத்தரிக்கோலும்தான். லின் அக்கா அரியதரம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுவரையும் உள்ளே இறக்கினார். சாந்தி குசினிக்கு ஓடிப்போய் இன்னும் சுட்டாள். மாப்பிள்ளை கடைக்குப் போய்ப் பாண்தாள் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரப் பெண் கேட்டாளாம், இவ்வளவு பாண் யார் சாப்பிடுகிறது என்று.

கலியாணத்தன்று ஓமம் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் போனது. மண்டபத்துக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி கொடுக்கிற மேசையடியில் நானும் லின் அக்காவும் நின்றோம். அவர் இரண்டு கையாலும் நீட்டுவார், நானும் இரண்டு கையாலும் நீட்டுவேன். அந்த வழக்கம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வயதுக்காரர் ஒருவர் பெட்டியை வாங்கி, பழக்கதோசத்தில் அடியைத் திருப்பி எண்ணெய் வட்டம் தேடினார். குங்குமப் பொட்டுத்தான் இருந்தது.

"அரியதரம் இல்லையோ?" என்றார்.

"திறந்து பாருங்கோ" என்றேன். சொன்னது காற்றாகத்தான் வந்தது. வாங்கோ வாங்கோ என்று சொல்லிச் சொல்லி எனக்குக் குரல் போயிருந்தது.

பிறகொரு நாள் அக்கா தன் கம்பியூட்டரில் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து வைப்பார்களாம். மூடி, தட்டு, தங்கத்தாள் என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. நடுச்சுவருக்கு மட்டும் தமிழில் பெயர் இருந்தது, அவர்களுடைய எழுத்தில்: அப்பா.

இப்போது வேறொரு சோடி அதே பெட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வைக்கப்போவது சொக்கிளேற் மட்டும்தான். நடுவில் தடுப்பு எதற்கு, அதை எடுத்துவிடலாமே என்று கேட்டார்களாம். "அது இல்லாட்டிப் பெட்டி நிக்காது" என்று மதுரா சொல்லியிருக்கிறாள்.

அது பொய். சுவர் இல்லாமலும் பெட்டி நன்றாக நிற்கும். நான் அவளைத் திருத்தவில்லை.

ஆகவே ஆரணி, உன் கேள்விக்கு வருகிறேன். கழற்றலாம். கழற்றினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கவின், நீ பிடுங்கப் போனது பெரியப்பாவை என்று இப்போது தெரிந்திருக்கும். அதனால் வேறொரு வழி சொல்கிறேன். பென்சில் சீவச் சீவக் கட்டையாகும். இரண்டு பேரும் நன்றாக எழுதிப் படியுங்கள், கணக்கும் செய்யுங்கள், அடிக்கடி சீவுங்கள். பரீட்சை வருவதற்கிடையில் பென்சில் தானாகவே குறுகி உள்ளே படுக்கும். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஐந்து வையுங்கள்.